அரை நாள் வாடகை

ஒரு படிவத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. நூறாண்டைத் தாண்டிவிட்ட ஒரு கல்லூரியின் அலுவலகத்தில் கொடுத்தார்கள். கல்லூரியின் பெயர் இங்கு அவசியமில்லை. சொன்னால் விஷயம் அந்தக் கல்லூரியோடு நின்றுவிடும். கூட்ட அறை, கருத்தரங்க அறை, பெரிய மண்டபம் என்று மூன்று. அரை நாள், முழு நாள் என்று இரண்டு. குளிர்சாதனத்தோடு, இல்லாமல் என்று இரண்டு. இவற்றைப் பெருக்கி வரும் பன்னிரண்டு கட்டங்களில் ஒன்றில் குறியிட்டுப் பணத்தையும் கட்டிவிட்டால், தேக்கு உத்தரங்களும் உயரமான ஜன்னல்களும் இறந்துபோன முதல்வர்களின் எண்ணெய்ச் சித்திரங்களும் கொண்ட ஒரு சூழல் நாலு மணி நேரத்துக்கு நம்முடையதாகிவிடுகிறது. நாங்கள் அரை நாள், குளிர்சாதனம் இல்லாமல், கருத்தரங்க அறை என்ற கட்டத்தில் குறியிட்டோம். எங்கள் வசதிக்கு அதுதான்.

நாங்கள் என்பது மரக்காணத்தையும் அதன் சுற்றுவட்டத்தையும் சேர்ந்த ஏழெட்டுப் பேர். இரண்டு பள்ளி ஆசிரியர்கள், ஒரு குமாஸ்தா, உப்பளத்தில் கணக்கெழுதுகிற ஒருவர், மீதிப்பேர் இன்னும் எதுவுமாக ஆகாதவர்கள். கவிதை எழுதுகிறோம், எழுதியதை ஒருவருக்கொருவர் படித்துக் காட்டிக்கொள்கிறோம், பிறகு ஒருவரையொருவர் கொஞ்ச நாளைக்குப் பார்க்காமல் இருக்கிறோம். கூடுவது அளத்தை ஒட்டிய ஓர் உப்புக் கொட்டகையின் திண்ணையில். கொட்டகைக்காரர் இதுவரை ஒரு காசு கேட்டதில்லை. அப்படியிருக்க, உப்பளத் தொழிலையும் எழுத்தையும் பற்றி அரை நாள் கூட்டம் ஒன்று நடத்தலாம் என்று வந்தபோது, எதற்காகப் பஸ் ஏறி ஒரு பழைய கல்லூரியின் அறையை வாடகைக்கு எடுக்கப் போனோம் என்ற கேள்வியை அப்போது எங்களில் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. திண்ணையில் நாற்பது பேர் உட்கார முடியாது என்று காரணம் சொல்லிக்கொண்டோம். அது உண்மையும்கூட. ஆனால் எங்களூரில் பள்ளிக்கூடம் இருக்கிறது, கல்யாண மண்டபம் இருக்கிறது. வேண்டியிருந்தது அந்தப் பழைய சுவர். அந்தச் சுவருக்குள் சொல்லப்பட்டால் நாங்கள் சொல்வதற்கு ஒரு கனம் கூடும் என்ற நினைப்பு. இதை இப்போது ஒப்புக்கொள்வதில் எனக்குச் சங்கடமில்லை, மற்றவர்களுக்கு இருக்கலாம்.

நடந்தது இவ்வளவுதான். ஒன்பது மணிக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடிக்க வேண்டும். ஒன்பதே காலுக்குத் தொடங்கினோம். வரவேற்புரை, தலைமையுரை. வெளியூரிலிருந்து வந்த பேராசிரியர் ஒருவர், சிறுபாணாற்றுப்படை சொல்கிற எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பதை நாற்பது நிமிடங்களில் நிறுவினார். அதை மறுப்பவர் அந்த அறையில் யாருமில்லை. ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிக’ளைப் பற்றி ஒருவர் பேசினார். அது 1979-இல் வந்த நாவல், தூத்துக்குடி அளங்களைப் பற்றியது. நல்ல பேச்சு, ஆனால் நீண்டுவிட்டது. தேநீர். பிறகு நான் ஒரு கட்டுரை வாசித்தேன். பிறகு கவிதைகள், நாலு பேர். பன்னிரண்டே முக்காலுக்கு மேல், ‘கருத்துப் பகிர்வு’ என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்த பகுதியில், எங்களோடு வந்திருந்த உப்பளத் தொழிலாளியான ஒரு பெண்மணியைப் பேச அழைத்தோம். அறுபது வயதுக்கு மேலிருக்கும். சின்ன வயதிலிருந்து அளத்தில் உப்பு சுமந்தவர். ஒலிபெருக்கியை எட்டத்திலேயே வைத்துக்கொண்டு, முதலில் தன் ஊர், பிறகு தன் அம்மா எந்தப் பாத்தியில் வேலை செய்தார் என்று தொடங்கினார். ‘மொத மழ வந்தன்னிக்கு வரப்புமேல குமிச்சி வெச்ச உப்பு’ என்று ஒரு வாக்கியத்தின் நடுவில் இருந்தபோது மின்விசிறிகள் நின்றன. ஒலிபெருக்கியும் நின்றது. வாசலில் அறைக்குப் பொறுப்பான ஆள், ‘ரெண்டு மணிக்கு அடுத்த பார்ட்டி வராங்க சார், பெருக்கணும்’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவரும் தினக்கூலி ஒப்பந்தத்தில் இருப்பவர் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெண்மணி எங்களைப் பார்த்தார், சிரித்தார், ‘நேரமாயிட்டுது தம்பி, பஸ்ஸும் போயிடும்’ என்று சொல்லி இறங்கிவிட்டார். படியிறங்கும்போது என்னிடம் கேட்டார்: ‘இந்த ரூமு எவ்ளோ?’ சொன்னேன். மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். கூலி நாளாகத்தான் கணக்கிட்டிருப்பார். ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் நாங்கள் கொதித்தோம். கல்வி வியாபாரமாகிவிட்டது, பல்கலைக்கழகம் சந்தையாகிவிட்டது, சிந்தனைக்கு மீட்டர் போட்டுவிட்டார்கள். ஒரு நண்பர் அன்றிரவே விசிறி நிற்பதைப் பற்றி ஒரு கவிதை எழுதிவிட்டார். என்னிடம் கட்டுரை கேட்டார்கள். வியாபாரமாகிவிட்ட கல்வியைப் பற்றிய அந்தக் கட்டுரையைத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. இது அந்த முடியாமையைப் பற்றியது.

முதல் சிக்கல், ‘ஆகிவிட்டது’ என்ற வினைச்சொல். ஏதோ ஒரு காலத்தில் அந்த அறைகள் சிந்தனைக்கு இலவசமாகத் திறந்து கிடந்தன, இப்போது வாடகைக்கு வந்துவிட்டன என்று அது சொல்கிறது. அப்படி ஒரு காலம் எது? சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் நிறுவப்பட்டபோது அது பாடம் சொல்லும் ஸ்தாபனமே அல்ல. கல்லூரிகள் பாடம் சொல்லின. பல்கலைக்கழகம் பரீட்சை வைத்துப் பட்டம் கொடுத்தது. ஆகவே அதற்கு வகுப்பறைக்கு முன்னால் வேண்டியிருந்தது ஒரு பெரிய கூடம். ராபர்ட் சிஷோமின் வரைபடத்தில் 1874 முதல் 1879 வரை கட்டி முடிக்கப்பட்ட செனட் ஹவுஸ் அதுதான். அந்தப் பெரிய உள்கூடத்துக்கும் வண்ணக் கண்ணாடிகளுக்கும் கீழே மாணவன் முதலில் வந்தது கேட்கவும் அல்ல, பேசவும் அல்ல. மௌனமாக உட்கார்ந்து எழுதிவிட்டுப் போகவும், பிறகு ஒரு நாள் அங்கி போட்டுக்கொண்டு பட்டம் வாங்கவும். பரீட்சைக்குக் கட்டணம் உண்டு. அந்தக் கூடத்தில் ஒரு நாற்காலி நாலு மணி நேரம் ஒருவனுக்குச் சொந்தமாக இருந்ததற்கு அவன் காசு கொடுத்தான் என்று சொன்னால் அது வெறும் வார்த்தை விளையாட்டல்ல. பல்கலைக்கழகம் நம்மிடம் முதலில் ஒரு கூடமாக வந்தது, பாடம் பின்னால் வந்தது. 1937-இல் சென்னை மாகாணச் சட்டசபையே கொஞ்ச மாதங்கள் அந்தக் கூடத்தில்தான் கூடியது. பிறகு வெகுகாலம் பூட்டிக் கிடந்து, பல்கலைக்கழகத்தின் 150-ஆம் ஆண்டை ஒட்டிப் பழுதுபார்க்கப்பட்டது. பூட்டிக் கிடந்த காலத்தில் யாரும் அதை வியாபாரம் என்று குறை சொல்லியிருக்க முடியாது.

இன்னொரு விஷயம், பக்கவாட்டில். எங்களூர் உப்புக்கும் அந்தக் கூடத்துக்கும் ஒரு நேர்வழி இருந்தது. பக்கிங்ஹாம் கால்வாயின் தென்கோடி மரக்காணம். அங்கிருந்து வடக்கே போகிற தண்ணீர் சேப்பாக்கத்தின் முதுகுப்புறமாகத்தான் போகிறது. இப்போது அங்கே கால்வாயின்மேல் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. அந்தக் கால்வாயில் உப்பும் விறகும் படகில் போன காலம் ஒன்று உண்டு. செனட் ஹவுஸின் கூடத்தில் உப்பைப் பற்றி ஒரு கேள்விக்கு விடையெழுதிக்கொண்டிருந்த எவனாவது, முதுகுப்புறம் ஒரு உப்புப் படகு போவதை அறிந்திருப்பானா என்று யோசிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. இது வாதமல்ல.

லண்டனில் யூனிவர்ஸிடி காலேஜ் 1826-இல் தொடங்கியபோது நூறு பவுன் பங்குகளை விற்றுத்தான் தொடங்கினார்கள். ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் மதச் சோதனை வைத்து வெளியே நிறுத்தியவர்களை அது உள்ளே விட்டது. இந்த இரண்டு செய்திகளையும் தனித்தனியாகப் படிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். பங்குக்குப் பணம் கட்டியவனிடம் நீ எந்தச் சர்ச் என்று கேட்க வேண்டிய அவசியம் குறைந்துவிடுகிறது. பணம் குருட்டுத்தனமானது என்று திட்டுகிறோம். குருட்டுத்தனத்துக்கு ஒரு பயன் உண்டு: அது ஆளைப் பார்ப்பதில்லை. இன்று ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகளே விடுமுறை மாதங்களில் தங்கள் சாப்பாட்டுக் கூடங்களையும் அறைகளையும் மாநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகின்றன. ஒரு காலத்தில் உள்ளே நுழைய முடியாதவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே கம்பெனிக் கூட்டம் நடத்துகிறார்கள். இதை வீழ்ச்சி என்று மட்டும் எப்படிச் சொல்வது?

வாடகை கேட்காத மண்டபத்துக்கு உதாரணம் தேடி அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எங்களூருக்கு வடமேற்கே உத்திரமேரூர். அங்கே கோயில் சுவரில் பராந்தகன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலையை நம் ஜனநாயகத்தின் முன்னோடி என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிறோமே, அந்தக் கல்வெட்டுகள்தான். மண்டபத்தில் சபை கூடியது, வாடகை கிடையாது. ஆனால் வாரியத்துக்குப் பெயர் எழுதி ஓலை இடப்பட வேண்டுமானால் கால் வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதப் பயிற்சி வேண்டும், வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். அதோடு அது பிரம்மதேயம். யாருடைய சபை என்பது முன்பே முடிவானது. அந்த மண்டபத்துக்கு நிலத்தாலும் பிறப்பாலும் வாடகை கட்டினார்கள், அவ்வளவுதான். அந்த வாடகையைச் சேர்த்து வைத்துக் கட்டிவிட முடியாது. எங்களூர் பூமீசுவரர் கோயிலின் சுவர்களிலும் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்த மண்டபங்களில் உப்பு வாரியவனும் சுமந்தவளும் உட்கார்ந்து பேசியதாக எந்தக் கல்லும் சொல்லவில்லை. இன்றும் பல ஊர்களில் ‘பொது’ என்று பெயரெழுதிய இடங்கள் யாருக்குப் பொது என்பது எல்லோருக்கும் தெரியும். அங்கே சாவி கேட்கப் போய்த் திரும்பியவர்களுக்கு, ரசீது கொடுத்துவிட்டுக் கேள்வி கேட்காமல் கதவைத் திறந்துவிடுகிற வாடகை மண்டபம் ஒரு விடுதலை. இதை வாடகை கொடுக்க அவசியமில்லாத வீட்டில் பிறந்தவர்கள் உணர்வது கஷ்டம்.

இலவச அறையின் அனுபவம் எனக்கும் ஒன்று உண்டு. சில வருஷங்களுக்கு முன்னால் ஓர் அறக்கட்டளை தன் கூடத்தை எங்களுக்குச் சும்மா கொடுத்தது. நாங்கள் நன்றியோடு போனோம். நிறுவனரின் படத்துக்கு முதலில் மாலை. நிறுவனரின் உறவினர் ஒருவர் தலைமை. அவர் முக்கால் மணி நேரம் நிறுவனரைப் பற்றிப் பேசினார். அன்றைக்கு நாங்கள் விவாதிக்க இருந்த கட்டுரை ஒன்றில், அந்தப் பகுதிப் பெரிய குடும்பங்களைப் பற்றி இரண்டு பத்திகள் இருந்தன. யாரும் சொல்லாமலே, எழுதிய நண்பர் வாசிக்கும்போது அந்த இரண்டு பத்திகளையும் விட்டுவிட்டார். அவரிடம் நான் கேட்கவில்லை. நானாக இருந்தாலும் விட்டிருப்பேன். அன்று வாடகை அந்த இரண்டு பத்திகள். ரசீது இல்லாமல் வசூலானது.

இதிலிருந்துதான் வாடகையின் தார்மீகம் எனக்குப் பிடிபடத் தொடங்கியது. காசு கொடுத்தவன் விருந்தாளி அல்ல. அவனுக்கு நன்றிக்கடன் இல்லை. வீட்டுக்காரனுடைய சுவரில் உட்கார்ந்து வீட்டுக்காரனையே விமர்சிக்கலாம். வாடகை என்பது உறவைக் கத்தரித்துவிட்டு இடத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. எழுதுகிறவனுக்கு இது சின்ன விஷயமல்ல. வர்ஜீனியா வுல்ஃப் 1928-இல் கேம்பிரிட்ஜின் பெண்கள் கல்லூரிகளில் பேசி, மறுவருஷம் புத்தகமாக்கியது, சொந்தமாக ஓர் அறையும் வருஷத்துக்கு ஐந்நூறு பவுனும் வேண்டும் என்பதை. அந்தப் புத்தகம் தொடங்குவதே ஒரு கல்லூரியின் புல்தரையிலிருந்து விரட்டப்படுவதிலும், நூலகத்தின் வாசலில் நிறுத்தப்படுவதிலும்தான். ஆனால் அவர் கேட்டது எழுதுவதற்கான அறை. தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளலாம். கூடிப் பேசுவதற்கான அறையைத் தாழ்ப்பாள் போட முடியாது; அது யாருக்கும் சொந்த அறையாக இருக்க முடியாது, இருந்தால் அது தர்பார். அப்படியானால் அதற்கு மிக நேர்மையான வடிவம் வாடகைதானோ என்று தோன்றுகிறது. நாலு மணி நேரத்துக்கு மட்டும் நம்முடையது, பிறகு இன்னொருவருடையது.

இந்த இடத்தில் மறுபடி அந்தப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். கட்டங்களுக்குக் கீழே, சின்ன எழுத்தில், மேலும் சில வரிகள். நிகழ்ச்சியின் தன்மை. பேசுவோரின் பெயர்கள், பதவிகள். நிகழ்ச்சி அரசியல் சார்பற்றது என்றும், நிறுவனத்தின் நற்பெயருக்கு ஊறு விளைவிக்கும் எதுவும் பேசப்படாது என்றும் உறுதிமொழி, கையெழுத்து. நான்தான் கையெழுத்துப் போட்டேன். படிக்காமல் அல்ல, படித்துவிட்டு, இதெல்லாம் சம்பிரதாயம் என்று நினைத்துப் போட்டேன். ஆக, அந்த ஸ்தாபனம் செய்தது இது: வாடகையையும் வாங்கிக்கொண்டது, விருந்தாளியின் அடக்கத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டது. இரண்டு நாணயத்திலும் வசூல். காசு வாங்கினால் என் பேச்சு உனக்குச் சம்பந்தமில்லை. என் பேச்சில் உனக்குச் சம்பந்தம் உண்டென்றால் நீ காசு வாங்காதே, உள்ளே வந்து உட்கார், கேள், மறுத்துப் பேசு. இந்த இரண்டில் ஒன்றுதான் நேர்மை. எங்கள் கொதிப்பில் நியாயமான பகுதி ஏதாவது இருந்தால் அது இங்கேதான் இருந்திருக்க வேண்டும். நாங்களோ இதைக் கவனிக்கவில்லை, விசிறியைக் கவனித்தோம்.

உள்ளே வந்து உட்காருவது என்று சொன்னேன். அன்று அந்தக் கல்லூரியின் ஆசிரியர் ஒருவரோ மாணவர் ஒருவரோ எங்கள் அறைக்குள் வரவில்லை. தாழ்வாரத்தில் மாணவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள், கல்யாண வீட்டைக் கடந்து போகிறவர்களைப் போல ஒரு பார்வை பார்த்துவிட்டு. அவர்கள் மேல் குற்றமில்லை. வாடகைக்கு விட்ட அறையில் நடப்பது அவர்கள் கல்லூரியில் நடப்பதல்ல. பேராசிரியரின் எயிற்பட்டினம் அவர்களுக்குப் பயன்பட்டிருக்கும். அந்தப் பெண்மணியின் பாதி வாக்கியம் இன்னும் அதிகமாக. சுவரை வாடகைக்கு விடும்போது கூடவே காதையும் எடுத்து உள்ளே வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். அந்தப் பழைய சுவரின் கனத்தை நம்பிப் போனோமே, அந்தக் கனம் சுவரில் இல்லை, அதற்குள் கேட்டுக்கொண்டிருந்தவர்களிடம் இருந்தது என்பதை அங்கே போய்த் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அளத்துக் குத்தகையை எடுத்துக்கொள்வோம், எனக்கு அருகிலிருந்து தெரிந்த வாடகை அது ஒன்றுதான். மரக்காணத்து அளங்களில் பெரும்பகுதி மத்திய அரசின் உப்புத் துறை நிலம். குத்தகைக்கு எடுத்தவர்கள் பாத்தி கட்டி உப்பு எடுக்கிறார்கள். தையில் தொடங்கிப் புரட்டாசி வரை, மழை எப்போது வருகிறது என்பதைப் பொறுத்து. உப்புநீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி, வெயிலில் இறுகவிட்டு, கடைசிப் பாத்தியில் படிந்ததைப் பலகையால் வாரி வரப்பில் குவிப்பது, பிறகு கூடையில் சுமந்து மேட்டில் சேர்ப்பது. விடிவதற்கு முன்னால் இறங்கினால் வெயில் ஏறுவதற்குள் முடிக்கப் பார்ப்பார்கள். குத்தகை நீண்ட காலத்துக்கு இருந்தால் வரப்பைப் பலப்படுத்துவான், தரையை மிதித்து இறுக்குவான், வாய்க்காலைத் தூர் வாருவான். அடுத்த வருஷம் தனக்கிருக்குமா என்று தெரியாதவன் இருக்கிற வெயிலைப் பிழிந்துகொண்டு போவான். உப்பில் மண் கலந்தாலும் பரவாயில்லை. குறுகிய குத்தகை நிலத்தை மட்டும் கெடுப்பதில்லை, குத்தகைக்காரனையும் கெடுக்கிறது. நிலத்தோடும் குத்தகையோடும் எந்தக் காகிதத்திலும் சம்பந்தமில்லாமல், கூலிக்கு மட்டும் வருகிறவர்கள் இரண்டு பேரின் கணக்கையும் தலையில் சுமக்கிறார்கள்.

நாங்கள் நாலு மணி நேரக் குத்தகைக்காரர்கள். அந்த நாலு மணி நேரத்தை எப்படிப் பிழிந்தோம்? இதை எழுதும்போதுதான் அழைப்பிதழை எடுத்துப் பார்த்தேன். நிரலைத் தயாரித்தவன் நான். வரவேற்புரைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தேன், பதினெட்டு ஆனது. என் கட்டுரைக்கு இருபது ஒதுக்கி, முப்பத்தைந்து எடுத்துக்கொண்டேன். அதில் அளத் தொழிலாளியின் மௌனத்தைப் பற்றி ஒரு பகுதி இருந்தது. அது நன்றாக இருந்ததாக எல்லோரும் சொன்னார்கள். அந்தப் பெண்மணி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அழைப்பிதழில் அவருடைய பெயர் இல்லை. ‘கருத்துப் பகிர்வு’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருந்தார். விசிறி நின்றது ஒரு மணிக்கு. ஒன்பதிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை விசிறி நன்றாகச் சுற்றிக்கொண்டுதானிருந்தது.

ஆக, வாடகை அவரைப் பேசவிடாமல் தடுத்தது என்று நான் எழுத முடியாது. வாடகை ஓர் எல்லையைப் போட்டது. அந்த எல்லைக்குள் யார் முதலில், யார் கடைசியில் என்ற வரிசையைப் போட்டது நான். உத்திரமேரூர்க்காரர்கள் தங்கள் தகுதிகளைக் கல்லில் வெட்டி வைத்தார்கள், படித்துப் பார்த்துக்கொள்ளலாம். நான் எதையும் வெட்டி வைக்கவில்லை. பேராசிரியர் முதலில், எழுத்தாளர் நடுவில், உப்புச் சுமப்பவர் நேரமிருந்தால் என்பது எனக்கு ஒரு வரிசையாகவே தோன்றவில்லை, இயல்பாகத் தோன்றியது.

இலவசமாகவும் நேர எல்லை இல்லாமலும் இருந்தால் அவர் முழுக்கப் பேசியிருப்பார் என்கிறார் அந்த விசிறிக் கவிதை எழுதிய நண்பர். எங்கள் கொட்டகைத் திண்ணைக்கு வாடகையும் இல்லை, நேர எல்லையும் இல்லை. ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்திருக்கிறோம். அங்கே இத்தனை வருஷத்தில் அளத்திலிருந்து ஒருவர்கூட வந்து உட்கார்ந்து பேசியதில்லை. மறுநாள் இருட்டோடு எழுந்து போக வேண்டியவர்கள் அந்த நேரத்தில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எல்லையில்லாத நேரமும் யாருக்கோ சாதகமான ஓர் எல்லைதான்.

கூட்டக் கணக்கு ஒரு நோட்டில் இருக்கிறது. அறை வாடகை. அதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. உப்புக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. உப்புவரியை எதிர்த்து 1930-இல் வேதாரண்யத்துக்கு நடந்தார்கள், 1947-இல் அந்த வரியே போயிற்று. உப்பைப் பற்றிப் பேசுவதற்குத்தான் இப்போது வரி. இதை நண்பர்களிடம் சொன்னபோது ரொம்பவும் ரசித்தார்கள். பிறகு முன்பணம், அதில் ஒரு நாற்காலியின் கை உடைந்ததற்காகப் பிடித்தது போக மீதி. தேநீர். பேராசிரியருக்குப் போக்குவரத்துச் செலவு, சால்வை. அழைப்பிதழ் அச்சு. ஒவ்வொன்றுக்கும் ரசீது ஒட்டியிருக்கிறது. அன்று அளத்தில் வேலை இருந்த நாள். சித்திரை மாதம், உப்பு நன்றாக இறங்குகிற சமயம். அந்தப் பெண்மணி ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார். அது நோட்டில் எந்த வரியிலும் இல்லை. அறையிலிருந்த நாற்பது பேரில் தன் வருமானத்தோடு ஒப்பிட்டால் மிக அதிக வாடகை கொடுத்தவர் அவர். கிடைத்தது ஒன்றரை வாக்கியம். இதை நோட்டில் எப்படி எழுதுவது என்று கணக்கெழுதும் நண்பரைக் கேட்டேன். ‘எழுதினா கொடுக்கணுமே’ என்றார். வேடிக்கையாகச் சொன்னாரா என்று தெரியவில்லை. அந்த மாதம் எங்களிடம் மீதியும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து நான் அவர் வீட்டுக்குப் போனேன். பாதியில் நின்ற வாக்கியத்தைக் கேட்கலாம் என்று. குறிப்பு நோட்டும் எடுத்துக்கொண்டு போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன். முதல் மழையன்று வரப்பில் குவித்து வைத்த உப்பு என்று சொன்னீர்களே, அதற்கு மேல் என்ன என்றேன். ‘அப்பிடியா சொன்னேன்?’ என்றார். யோசித்தார். ‘என்னா சொல்ல வந்தேன்னு நெனப்பில்ல தம்பி. மழ வந்தா கரையும், வேற என்னா.’ பிறகு பேரனின் பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசினார். நான் நோட்டைத் திறக்கவில்லை.

கிளம்பும்போது, மறுபடி கூட்டம் வைப்பீர்களா என்று அவரே கேட்டார். வைப்போம், இந்தத் தடவை நீங்கள்தான் முதலில் பேச வேண்டும் என்றேன். அதற்கு அவர் பெரிதாக மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. ‘மொதல்ல கடைசியில எல்லாம் ஒண்ணுதான். ஐப்பசிக்கு மேல வையுங்க. அப்ப அளத்துல வேலை இருக்காது, நாலு பேரு கூட வருவாங்க’ என்றார்.

நாங்கள் யாரும் இதை யோசித்திருக்கவில்லை. நாலு பேர் கூட வந்தால் அவர்கள் என்ன பேசுவார்கள் என்பதையும் யோசித்ததில்லை. நண்பர்களிடம் சொன்னேன். திண்ணையில் வைத்துக்கொள்ளலாம் என்றார் ஒருவர். மழையில் ஒழுகும் என்றார் கணக்கெழுதுகிறவர். அந்தக் கல்லூரியே வேண்டாம் என்றார் கவிஞர். அந்தக் கல்லூரியில்தான் வைக்க வேண்டும், இந்தத் தடவை உறுதிமொழி வரிகளை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம், அங்கேயுள்ள மாணவர்களுக்கு நேரில் போய்ச் சொல்வோம் என்றேன் நான். கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டோம். கடைசியில் என் பக்கம் ஓர் ஓட்டு அதிகம் விழுந்தது.

நவம்பரில் ஒரு அரை நாள் வேண்டுமென்று அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகவே பேசினார். நவம்பரில் எந்த அறையும் கொடுப்பதில்லையாம், பெரிய மண்டபம் உட்பட. அந்த மாதம் முழுக்கப் பரீட்சை. சித்திரையில் வேண்டுமானால் காலியாக இருக்கிறது என்றார், இப்போதே பதிவு செய்துகொண்டால் பழைய வாடகையே போடலாம் என்றும் சொன்னார். தேதியைச் சொல்ல இரண்டு நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.